அபாகஸ், ஓவியம், பாட்டு: பள்ளி விட்டபின் நடக்கும் வகுப்புகளுக்குப் பணம் கட்டலாமா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களில் பிள்ளையின் டைரிக்குள் ஒரு தாள் மடித்து வரும். அபாகஸ், டிராயிங், கீபோர்டு, வாய்ப்பாட்டு. எது வேண்டுமோ அதில் டிக் அடித்துப் பணத்தோடு அனுப்பவும். நம் ஊர்த் தனியார் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இதே பட்டியல்தான். பள்ளி அறையைக் கொடுக்கும்; ஆளையும் புத்தகத்தையும் பெரும்பாலும் வெளி நிறுவனம் ஒன்று அனுப்பும். 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வகுப்புகள் உண்மையில் எதைத் தருகின்றன, எங்கே சறுக்குகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எடைபோட ஒரே ஒரு படிக்கல் போதும். 45 நிமிட வகுப்பில் பிள்ளையின் கையோ குரலோ எத்தனை நிமிடம் வேலை செய்கிறது? தவறு வந்த இடத்திலேயே அதைப் பார்த்துத் திருத்த ஆள் இருக்கிறாரா? சான்றிதழ், பதக்கம், மேடை எல்லாம் அதற்குப் பிறகு.

அபாகஸில் (கம்பியில் கோத்த மணிகளை நகர்த்திக் கணக்குப் போடும் சட்டம்) தொடங்குவோம், அதிகம் விற்கப்படுவது அதுதான். பள்ளிகளில் தருவது ஜப்பானிய சொரோபான் வகை. ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே 5 மதிப்புள்ள ஒரு மணி, கீழே 1 மதிப்புள்ள நான்கு மணிகள். மாணவர் சட்டம் 13 அல்லது 17 கம்பிகளோடு வரும். கிட் கைக்கு வந்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். மேசையில் தட்டையாக வைத்து ஒரு மணியை வேகமாகத் தள்ளுங்கள். சட்டத்தில் மோதித் திரும்பி வந்தால் அந்தச் சட்டம் உதவாது, பிள்ளை சரியாகப் போட்டாலும் விடை தப்பும். அடியில் ரப்பர் பொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சட்டம் மேசையில் வழுக்கும், பிள்ளை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

விரல் ஒழுங்கு முதல் இரண்டு வாரத்திலேயே படிய வேண்டும். கீழ்மணியை மேலே ஏற்றக் கட்டைவிரல். கீழ்மணியை இறக்கவும், மேல்மணியை ஏற்றி இறக்கவும் ஆள்காட்டி விரல். இதை அலட்சியமாக விட்டால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. வேகம் கூட்டும்போது விரல்கள் ஒன்றோடொன்று சிக்கும், அப்போது பழக்கத்தை மாற்றுவது கடினம். இரண்டு கையாலும் போடச் சொல்லித் தரும் நிறுவனங்களும் உண்டு. அது தவறில்லை, விரல் ஒழுங்கு மட்டும் இரண்டு கையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்கு நான்கு படிகளில் ஏறும். முதலில் நேரடிக் கூட்டல். பிறகு ‘சின்ன நண்பன்’: 4 கூட்டக் கீழ்மணி போதவில்லை என்றால் 5 போட்டு 1 எடு. அடுத்து ‘பெரிய நண்பன்’: 8-உடன் 7 கூட்ட 3 எடுத்துவிட்டு இடப்பக்கக் கம்பியில் 1 போடு, 15. கடைசியில் இரண்டும் கலந்த படி. பிள்ளைகள் விழும் இடம் இதுதான். 6-உடன் 7 கூட்ட வேண்டும். பெரிய நண்பன் சொல்வது ‘3 எடு, 10 போடு’. ஆனால் 6 என்பது மேல்மணி ஒன்றும் கீழ்மணி ஒன்றும். எடுக்க 3 கீழ்மணி இல்லை. எனவே அந்த 3-ஐயே சின்ன நண்பனால் எடுக்க வேண்டும்: மேல்மணி 5-ஐ எடுத்து 2 கீழ்மணி போடு, பிறகு இடப்பக்கம் 1. விடை 13. ‘ஏன் 2 போட்டாய்?’ என்று கேட்டால் காரணம் சொல்லும் பிள்ளை அடுத்த லெவலுக்குப் போகலாம். சுவரில் ஒட்டிய சூத்திரத் தாளைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கு இன்னும் சில வாரம் வேண்டும். பல வகுப்புகள் அந்தச் சில வாரத்தைத் தருவதில்லை. மூன்று நான்கு மாதத்தில் லெவல் முடிந்ததாகப் புத்தகத்தை மாற்றி, அடுத்த கட்டணம் கேட்கும். மூன்றாவது லெவலில் ‘என் பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது’ என்று சொல்லும் பெற்றோரின் குறை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியிருக்கும்.

வீட்டில் திருத்துகிறவர்களுக்கு ஒரு கைக்குறிப்பு. ஒன்றாம் இடத்தில் விடை சரியாக 5 கூடியோ குறைந்தோ வந்தால் பிள்ளை மேல்மணியில் தவறியிருக்கிறது. சரியாக 10 குறைந்தால் பெரிய நண்பனில் இடப்பக்கக் கம்பியை மறந்திருக்கிறது. 1, 2 என்று சில்லறையாகத் தப்பினால் மணி நழுவியிருக்கலாம், அல்லது விரல் அவசரப்பட்டிருக்கலாம். எந்த வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறதென்று ஒரு வாரம் குறித்துவைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். நல்ல ஆசிரியர் அதைப் பார்த்தே அடுத்த பயிற்சியை மாற்றுவார்.

இன்னொரு மோதலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அபாகஸில் இடமிருந்து வலமாக, பெரிய இடமதிப்பிலிருந்து கூட்டுவார்கள். பள்ளிக் கணக்கு நோட்டில் வலமிருந்து இடமாக, ஒன்றாம் இடத்திலிருந்து மேலே மீதி எழுதிக் கூட்ட வேண்டும். 2ஆம் வகுப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சில பிள்ளைகள் குழம்பும், சிலர் விடையை மட்டும் எழுதிவைத்து வழிமுறைக்கான மதிப்பெண்ணை இழப்பார்கள். பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டி இடமதிப்பு புரிந்தபின் அபாகஸைத் தொடங்கினால் இந்தக் குழப்பம் குறையும். ஆகவே 1ஆம் வகுப்பில் அவசரப்பட வேண்டாம். 2ஆம் வகுப்பின் பாதியில் தொடங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

‘மூளைத் திறன் வளரும், நினைவாற்றல் கூடும்’ என்ற விளம்பரத்துக்கு வருவோம். குஜராத்தின் வதோதராவில் 5 முதல் 7 வயதில் தொடங்கிய 204 பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 3 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்; முடிவு 2016இல் வெளிவந்தது. மனத்தால் அபாகஸ் போட, அதாவது சட்டம் இல்லாமல் மணிகளை மனக்கண்ணில் நகர்த்தக் கற்ற பிள்ளைகளின் கூட்டல் கழித்தல் திறன் உயர்ந்தது. நினைவாற்றல் போன்ற பொதுத் திறன்கள் மாறவில்லை. காட்சியாக மனத்தில் நிறுத்தும் திறன் முன்பே நன்றாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அபாகஸ் வேகமான கணக்கைத் தரும், அதற்காகச் சேருங்கள். பின்னம், வடிவியல், வாக்கியக் கணக்கு இவற்றுக்கு அது உதவாது. ‘ராணியிடம் 45 ரூபாய் இருந்தது, ஒரு பேனா 12 ரூபாய், எத்தனை வாங்கலாம்?’ என்ற கேள்வியில் வகுப்பதா கழிப்பதா என்று எந்த மணியும் சொல்லாது. வீட்டில் தினமும் 10 முதல் 15 நிமிடம் உட்காரவைக்க ஆள் இல்லையென்றால் வேகமும் வராது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இந்த வகுப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அதே 45 நிமிடத்தில் கணக்கை வேறு மாதிரி நடத்தும் பள்ளிகளும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. நேர்ப்புள்ளி வைத்த கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 13. அடுத்தது நடுவில் 7 வைத்து: 25. அதற்கு அடுத்தது நடுவில் 9: 41. 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் புள்ளியை எண்ணியே இதுவரை வருவார்கள். பிறகு ஆசிரியர் கோலத்தை நடு வரிசைக்குக் கீழே ஒரு கோடிட்டுப் பிரிக்கிறார். மேலே 1+3+5=9, கீழே 3+1=4. அடுத்த கோலத்தில் 16-உம் 9-உம். அதற்கடுத்ததில் 25-உம் 16-உம். ‘இந்த எண்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று ஒரு பிள்ளை 3×3, 4×4, 5×5 வாய்ப்பாட்டைக் கண்டுபிடிக்கும்போது அறை முழுக்க அமைதியாகும். செலவு ஒரு சாக்பீஸ். 14 குழிப் பல்லாங்குழியில் குழிக்கு 5 முத்து போட்டு, எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று ஆடும் முன்பே சொல்லவைப்பதும், 7 துண்டு வடிவப் புதிரான டேங்கிராமில் இரண்டு சின்ன முக்கோணத்தைச் சேர்த்தால் சதுரமும் வரும் இணைகரமும் வரும் என்று பரப்பளவைத் தொட்டுக் காட்டுவதும் இதே வகை. ‘மேத்ஸ் கிளப்’ என்று இப்படி ஒன்று தாளில் இருந்தால், அபாகஸை விட்டுவிட்டு அதில் டிக் அடியுங்கள்.

ஓவிய வகுப்பில் நிலைமை நேர்மாறு. நோக்கம் நல்லது, பொருள் மலிவு, நடத்தும் விதம்தான் சிக்கல். ஆசிரியர் பலகையில் இரண்டு மலை வரைவார், நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, கரையில் குடிசை, சாய்ந்த தென்னை. 25 பிள்ளைகளும் அதையே வரைவார்கள். வருடக் கடைசியில் கோப்பில் 30 படங்கள் இருக்கும், ஒன்றுகூட அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்து வரைந்ததாக இருக்காது. வகுப்பில் சேர்க்கும் முன் போன வருடக் கோப்புகள் இரண்டை வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அது வரைதல் வகுப்பல்ல, பார்த்தெழுதும் வகுப்பு.

7 முதல் 9 வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தும், வானத்தை உச்சியில் ஒரு பட்டையாக அடிக்கும், அம்மாவை வீட்டைவிடப் பெரிதாக வரையும். அந்த வயதுக்கு அது இயல்பு. அதை ரப்பர் வைத்து அழித்துத் ‘திருத்தும்’ ஆசிரியரிடமிருந்து பிள்ளையை மெல்ல விலக்கிவிடுங்கள். நல்ல ஆசிரியர் ஒரு வெண்டைக்காயைக் கொடுத்து, குறுக்கே வெட்டி, மையில் தொட்டு ஒற்றச் சொல்வார். பிறகு அந்த ஐந்து மூலையையும் பார்த்து வரையச் சொல்வார். செருப்பு, தண்ணீர் பாட்டில், பிள்ளையின் இடது கை என்று கண்முன் இருக்கும் பொருளை வாரத்துக்கு ஒன்று வைப்பார்.

பொருள் விஷயத்தில் பள்ளிப் பட்டியல்கள் அடிக்கடி தப்பாக இருக்கின்றன. மெழுகுக் கிரேயான் ஒன்றின்மேல் ஒன்று கலக்காது. கலப்பு சொல்லித் தரப் போகிறார்கள் என்றால் ஆயில் பேஸ்டல்தான் வேண்டும். கேமலின் 25 வண்ணப் பெட்டி தொடக்கப் பள்ளிக்குத் தாராளம். 50 வண்ணப் பெட்டி வாங்கினால் பிள்ளை கலக்கவே பழகாது, வேண்டிய பச்சையைப் பெட்டியிலேயே தேடும். பேஸ்டலில் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு, கறுப்பு கடைசியில். வரிசை மாறினால் மஞ்சள் குச்சியின் முனையில் கறுப்பு ஏறி, அடுத்து தொடும் இடமெல்லாம் அழுக்காகும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு பழைய தாள் வைக்கப் பழக்கினால் பாதிப் படங்கள் பிழைக்கும்.

தாள் இன்னும் முக்கியம். நகலெடுக்கும் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை; கூடக் கூடத் தாள் கனமாகும்) தாளில் தண்ணீர் வண்ணம் தீட்டச் சொன்னால் தாள் அலையடிக்கும், வண்ணம் குட்டையாகத் தேங்கும், இரண்டாவது தீட்டில் தாள் உரியும். பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பேஸ்டலுக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம், தண்ணீர் வண்ணத்துக்குக் குறைந்தது 200. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தாளைப் பாதியாக வெட்டுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். தூரிகை 4, 8 எண் உருண்டை முனை இரண்டு போதும். முனை கீழே இருக்கும்படி தண்ணீர் டம்ளரில் நிறுத்திவைத்தால் இரண்டே வகுப்பில் மயிர் வளைந்துவிடும். கிடத்தி வைக்கச் சொல்லுங்கள்.

‘சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா’ என்று சொல்லித் தந்து, பிள்ளைக்கு வருவது சேற்று நிறம். காரணம் பெட்டியிலுள்ள சிவப்பு. ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலத்தோடு சேரும்போது மூன்று அடிப்படை நிறமும் கலந்து மங்கிவிடும். ரோஜாச் சாயலுள்ள கிரிம்சனை எடுத்து அல்ட்ராமரைன் நீலத்தோடு கலந்தால் தெளிவான ஊதா வரும். இந்த ஒரு விஷயத்தை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்கிறவர் தன் கையால் வண்ணம் தொட்டவர்.

இசைக்கு இரண்டு கட்டம்: கீபோர்டு, வாய்ப்பாட்டு. பெற்றோர் பெரும்பாலும் கீபோர்டில் டிக் அடிக்கிறார்கள். தொடக்கப் பள்ளி வயதுக்கு வாய்ப்பாட்டே மேல் என்பது எங்கள் முடிவு. காரணம் கணக்குதான். 12 பிள்ளைகள், 4 கீபோர்டு, 45 நிமிடம் என்றால் ஒரு பிள்ளையின் விரல் விசையில் இருப்பது 15 நிமிடம். மீதி 30 நிமிடம் வேடிக்கை. பாட்டில் எல்லோருக்கும் குரல் கூடவே இருக்கிறது.

கீபோர்டுதான் என்று முடிவெடுத்தால் சில விஷயங்களைப் பாருங்கள். கேசியோ எஸ்ஏ-46 போன்ற 32 குட்டி விசைப் பெட்டி மெட்டு கண்டுபிடித்து விளையாடச் சரி. விரல் முறை பழக அது ஆகாது, பிறகு பெரிய விசைக்கு மாறும்போது கை விரிவு முழுக்க மாறும். 61 முழு அளவு விசையும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதியும் வேண்டும். கேசியோவில் சிடி-எஸ்200-இல் அந்த அழுத்த வசதி இல்லை, சிடி-எஸ்300-இல் உண்டு. பள்ளி மேசை பிள்ளையின் மார்புவரை உயரமாக இருந்தால் மணிக்கட்டு மடங்கும். முழங்கை விசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்த வேண்டும். வலது கை சி மேஜர் ஸ்வர வரிசையில் ஏறும்போது விரல் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) 1-2-3, பிறகு கட்டைவிரல் அடியில் நுழைந்து 1-2-3-4-5. மூன்று மாதம் கழித்தும் பிள்ளை ஒற்றை ஆள்காட்டி விரலால் பிறந்தநாள் மெட்டைத் தட்டிக்கொண்டிருந்தால், விசையில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அங்கே விரல் முறை சொல்லித் தரப்படவில்லை. தாளில் டிரினிட்டி பெயர் இருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள்: தேர்வு நடத்துவது லண்டன் டிரினிட்டி கல்லூரி, வகுப்பு நடத்துபவர் வேறு ஆள். தேர்வுக் கட்டணம் மாதக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

வாய்ப்பாட்டில் முதல் கேள்வி சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக ஒலிக்கும் ஸ-வின் உயரம். அதைக் ‘கட்டை’ என்ற எண்ணால் சொல்வார்கள். பிள்ளைகளின் குரல் 5 கட்டை அக்கம்பக்கத்தில் இயல்பாக நிற்கும். ஆண் ஆசிரியர் தன் வசதிக்கு 1 கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்துவிட்டால், பிள்ளைகளுக்குக் கீழ் ஸட்ஜம் காற்றாகப் போகும், அதையே மேல் ஸ்தாயியில் எடுத்தால் தொண்டை கிழியக் கத்துவார்கள். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையின் குரல் கரகரத்திருந்தால் சுருதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுருதியே போடாமல் வகுப்பு நடந்தால் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடும் முதல் பயிற்சி) என்பது புரந்தரதாசர் பெயரால் வழங்கும் பழைய பாதை. இதில் ரி-யும் த-வும் தாழ்ந்தவை, க-வும் நி-யும் உயர்ந்தவை. பிள்ளைகள் ரி-யை ஏற்றி, அடுத்த படியான சதுஸ்ருதி ரிஷபமாகப் பாடிவிடுவார்கள். முப்பது பேர் சேர்ந்து பாடும்போது யார் ஏற்றினார்கள் என்று காதுக்குத் தெரியாது. நல்ல ஆசிரியர் ‘ஸ ரி ஸ’ மட்டும் எடுத்து நாலு நாலு பேராகப் பாடவைத்து அந்த இடைவெளியைச் சரிசெய்வார். அதற்கு வகுப்பில் 12 பேருக்குமேல் இருக்கக் கூடாது.

தாளத்திலும் ஒரு சோதனை உண்டு. ஆதி தாளம் 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. முதல் சரளி வரிசையின் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 16 ஸ்வரம். முதல் காலத்தில் (வேகத்தில்) அது இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), இரண்டாம் காலத்தில் ஒன்று, மூன்றாம் காலத்தில் அரை. கை அதே வேகத்தில் போக, ஸ்வரம் மட்டும் இரட்டிக்க வேண்டும். பிள்ளைகள் காலம் மாறும்போது கையையும் சேர்த்து ஓட்டிவிடுவார்கள். பாதிப் பேர் தாளம் போட, மீதிப் பேர் பாட, பிறகு மாற்றிச் செய்வதுதான் இதற்கு எளிய மருந்து. வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்று கேட்டாலே இது நடக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒரு பெரிய குறை எல்லா இசை வகுப்புக்கும் பொது. ஆண்டு விழா நெருங்கும்போது பாடம் நின்றுபோய் ஒரே பாட்டு ஒத்திகை வாரக்கணக்கில் ஓடும். மேடையில் பிள்ளையைப் பார்ப்பது மகிழ்ச்சிதான். அந்த வாரங்களின் வகுப்பைப் பிறகு ஈடுசெய்வார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மாதத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். கிட், புத்தகம், லெவல் தேர்வு, போட்டி நுழைவு, சான்றிதழ், விழா உடை எல்லாவற்றையும் கூட்டி, ஆண்டில் உண்மையில் நடக்கும் வகுப்புகளால் வகுத்துப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, மழை விடுமுறை எல்லாம் கழிந்தபின் தாளில் அச்சிட்ட எண்ணிக்கை நிற்காது. பாதியில் ஆசிரியர் மாறினால் யார் வருவார், விலகினால் பணம் திரும்புமா என்பதும் சேரும் முன்பே கேட்க வேண்டியவை.

ஓவியமும் பாட்டும் மட்டும் வேண்டுமென்றால் பள்ளித் தாளைத் தவிர இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் போன்ற வகுப்புகள் வார விடுமுறை நாட்களில் நடக்கின்றன. கட்டணம் தனியார் வகுப்புகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. அழைத்துப்போய் அழைத்துவர ஒரு பெரியவரின் சனி, ஞாயிறு வேண்டும். அது முடிகிற வீடுகள், பள்ளித் தாளில் கையெழுத்துப் போடும் முன் அங்கே ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.